எண் பட்டியலை 0–1க்குள் அடக்கும் குட்டி கோட்: எந்த வழி யாருக்கு?

ஒரு பட்டியல் இருக்கிறது: 12, 20, 15, 32. இதில் சிறிய எண் 0 ஆக வேண்டும், பெரிய எண் 1 ஆக வேண்டும், மற்றவை அதே விகிதத்தில் நடுவில் உட்கார வேண்டும். விடை 0, 0.4, 0.15, 1. கணக்கு இவ்வளவுதான். ஆனால் "இதை எவ்வளவு சின்னதாக எழுத முடியும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஆளுக்கொரு விடை வந்து விழும், ஒவ்வொன்றும் வேறு மொழியில், ஒவ்வொன்றும் "என்னுடையதுதான் சின்னது" என்ற தோரணையில்.

இதில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கோட் கோல்ஃப், அதாவது கோடை முடிந்தவரை சின்னதாக எழுதும் போட்டி, ஆடுபவர்கள்; ஒரு பைட் குறைந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குபவர்கள். தரவைப் புரட்டும்போது போகிற போக்கில் ஒரு வரி தேவைப்படுபவர்கள். அப்புறம், எங்கோ பார்த்த ஒரு வரியை அப்படியே வேலைக் கோடில் ஒட்டலாமா என்று யோசிப்பவர்கள். மூவருக்கும் விடை ஒன்றாக இருக்காது. முதல் ஆளுக்குச் சொன்ன விடையை மூன்றாமவர் எடுத்து ஒட்டிக்கொள்வதில்தான் பாதி வம்பு.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. பைத்தான், ஆர் (புள்ளியியலுக்கான மொழி) கோடுகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். மின் என்றால் சிறியதைத் தரும் ஃபங்ஷன், மேக்ஸ் என்றால் பெரியதைத் தருவது, ப என்பது பட்டியல், எ என்பது அதிலுள்ள ஓர் எண். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள், பெயர் எல்லாம் ஓரெழுத்துப் பெயர். பைட் கணக்கும் அந்த வடிவத்துக்குத்தான். (பைத்தான் 3 தமிழ் எழுத்தை வேரியபிள் பெயராக ஏற்கும். ஆனால் எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் ‘ப’ ஒன்றுக்கே 3 பைட் போய்விடும். கோல்ஃபுக்குக் கட்டுப்படியாகாது.)

## எதை வைத்து அளப்பது

முதலாவது, நீளம். பைட்டில். இது கேட்க எளிது, ஆனால் எப்படி எண்ணுகிறோம் என்பதிலேயே விடை மாறும். ஏபிஎல் மொழிப் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாவது, பட்டியலை எத்தனை தடவை புரட்டுகிறது. நான்கு எண்ணுக்கு இது தெரியவே தெரியாது. பத்தாயிரம் எண் வந்தால் தெரியும்.

மூன்றாவது, கோணலான உள்ளீடு. எல்லா எண்ணும் ஒன்றாக இருந்தால் பெரியதும் சிறியதும் ஒன்றே, பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். பட்டியல் காலியாக இருந்தால் சிறியது என்று ஒன்றே கிடையாது. இந்த இரண்டுக்கும் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது, சில மொழிகள் ஆச்சரியப்படுத்தும் விதத்தில்.

நான்காவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: தப்பு நடந்தால் சத்தம் போடுமா, சத்தமில்லாமல் தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடுமா?

## சூத்திரத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம்

எல்லோரும் எழுதும் வடிவம் இது: எண்ணிலிருந்து சிறியதைக் கழி, அதைப் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு. இதில் ‘சிறியது’ இரண்டு தடவை வருகிறது. கோல்ஃபில் ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் கை அரிக்கும்.

இன்னொரு விதமாகவும் படிக்கலாம். முதலில் எல்லா எண்ணிலிருந்தும் சிறியதைக் கழித்துவிடுங்கள்: 12, 20, 15, 32 என்பது 0, 8, 3, 20 ஆகிவிடும். இப்போது சிறியது 0. ஆகவே வித்தியாசம் என்பதும் புதிய பட்டியலின் பெரிய எண் என்பதும் ஒன்றே. அந்த 20ஆல் வகுத்தால் முடிந்தது. ‘சிறியது’ ஒரே தடவை, ‘பெரியது’ ஒரே தடவை.

இனி வரும் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது: உங்கள் மொழியில் இந்த இரண்டாவது வாசிப்பு லாபமா, நஷ்டமா? காரணம் எளிது. இரண்டாவது வாசிப்பில் பட்டியல் மீது இரண்டு தடவை போக வேண்டும். பட்டியலை ஒரே பொருளாகக் கையாளும் மொழியில் அதற்குச் செலவே இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் லூப் எழுத வேண்டிய மொழியில், மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த இரண்டாவது லூப்பில் போய்விடும், கையிலிருந்தும் கொஞ்சம் போகும்.

## வெறும் பைத்தான்: 47 பைட்

```
லாம்டா ப:[(எ-மின்(ப))/(மேக்ஸ்(ப)-மின்(ப))ஃபார் எ இன் ப]
```

லாம்டா என்பது பெயரில்லாத ஒற்றை வரி ஃபங்ஷன். மூடும் அடைப்புக்கும் ஃபார்-க்கும் நடுவில் இடைவெளி வேண்டாம், பைத்தான் புரிந்துகொள்ளும். மொத்தம் 47 பைட்.

பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது: மின் இரண்டு தடவை வருகிறதே, ஒரு வேரியபிளில் போட்டுக்கொண்டால் குறையுமே? போட்டுப் பாருங்கள். லாம்டாவுக்குள் சாதாரண அசைன்மென்ட் எழுத முடியாது, ஆகவே முழு ஃபங்ஷன் எழுதும் டெஃப், ரிட்டர்ன் இரண்டும் உள்ளே வரும், 52 பைட் ஆகிவிடும். சரி, 2019இல் பைத்தான் 3.8 கொண்டுவந்த வால்ரஸ் குறி இருக்கிறதே, (ச:=மின்(ப)) என்று கோவைக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாமே? போடலாம். முதல் இடத்தில் 5 பைட் கூடும், இரண்டாவது இடத்தில் 5 பைட் குறையும். மறுபடி அதே 47. நான் இதை முதலில் எண்ணியபோது தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். இல்லை, சரியாக அதேதான்.

இரண்டாவது வாசிப்பை எடுத்தால் இரண்டு லூப், 58 பைட். ஆக, பைத்தானில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் சின்னது. அழகாக இல்லை, ஆனால் அதுதான் கணக்கு.

இதன் மறைமுகச் செலவு என்ன? மின், மேக்ஸ் இரண்டும் லூப்புக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு எண்ணுக்கும் பட்டியல் முழுக்க மூன்று தடவை புரட்டப்படுகிறது. 10,000 எண் என்றால் 30 கோடி தடவை ஓர் எண்ணை எடுத்துப் பார்க்கிறது. சாதாரணக் கணினியில் சில வினாடிகள் உட்கார்ந்துவிடும். வால்ரஸ் போட்டாலும் இதே கதை, மூன்றுக்குப் பதில் இரண்டு புரட்டல், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு மருந்து 8 பைட் விலைக்குக் கிடைக்கிறது:

```
டெஃப் ஃப(ப):ச=மின்(ப);வ=மேக்ஸ்(ப)-ச;ரிட்டர்ன்[(எ-ச)/வ ஃபார் எ இன் ப]
```

55 பைட். 30 கோடிக்குப் பதில் இப்போது மின்னுக்கு ஒரு சுற்று, மேக்ஸுக்கு ஒரு சுற்று, கணக்குக்கு ஒரு சுற்று. கோல்ஃப் ஆடாத எவரும் அந்த 8 பைட்டைக் கொடுத்துவிட வேண்டும், யோசிக்கவே தேவையில்லை. வரிசைப்படுத்தி முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் உருவிக்கொள்ளும் வழியும் உண்டு, அதுவும் 55தான், ஆனால் வரிசைப்படுத்தும் வேலை உபரி. அதை ஏன் சுமக்க வேண்டும்?

கோணல் உள்ளீட்டில் ஒரு வேடிக்கை. காலிப் பட்டியலைக் கொடுத்தால் 47 பைட் வடிவம் சமர்த்தாகக் காலிப் பட்டியலைத் திருப்பித் தரும், ஏனென்றால் லூப் ஒரு தடவை கூட ஓடாது, மின் கூப்பிடப்படவே இல்லை. ஒழுங்கான 55 பைட் வடிவமோ முதல் வரியிலேயே எரர் கொடுத்து நின்றுவிடும். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் இரண்டுமே பூஜ்யத்தால் வகுக்கும் எரரைத் தூக்கிப் போடும். எனக்கு அது பிடிக்கும். குறைந்தபட்சம் சத்தமாவது போடுகிறது.

இன்னொன்று. வகுத்தலை விடப் பெருக்கல் வேகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 1ஐ வித்தியாசத்தால் வகுத்து வைத்துக்கொண்டு அதால் பெருக்குபவர்கள் உண்டு. வேண்டாம். பட்டியலில் சிறியது 0, பெரியது 49 என்று வைத்துக்கொள்ளுங்கள். 49ஐ 49ஆல் வகுத்தால் சரியாக 1. ஆனால் 49 × (1÷49) செய்தால் பைத்தான் 0.9999999999999999 என்று காட்டும். பெரிய எண் 1 ஆக வேண்டும் என்பதுதானே கேள்வியே? நேராக வகுத்தால் ஓர் எண்ணை அதே எண்ணால் வகுக்கிறோம், அங்கே பிசகு வர வழியில்லை.

## நம்பை: 27 பைட், ஆனால்

```
லாம்டா ப:(ப-மின்(ப))/ப.பிடிபி()
```

பிடிபி என்பது உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரத்தைத் தரும் மெத்தட், அதாவது நமக்கு வேண்டிய வித்தியாசமே. 27 பைட். பார்க்க நன்றாக இருக்கிறது.

ஆனால் நம்பை என்பது பைத்தானோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் எண் கணக்கு நூலகம், இது உள்ளீடாக அதன் அரேயை, அதாவது அதற்கே உரிய எண் வரிசையை, எதிர்பார்க்கிறது. சாதாரணப் பட்டியலைக் கொடுத்தால் ஓடாது. இறக்குமதி வரியையும் கணக்கில் சேர்த்தால், நம்பையின் எல்லாப் பெயரையும் அப்படியே இழுக்கும் வடிவத்துக்கு வரி முறிவோடு 19 பைட், மொத்தம் 46 ஆகிவிடும். வெறும் பைத்தானுக்கு 47. பட்டியலை அரேயாக மாற்றும் செலவையும் சேர்த்தால் நம்பை தோற்றுவிடும். "27 பைட்" என்று காட்டுபவர்கள் இந்தப் பில்லை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் காட்டுகிறார்கள்.

அடுத்தது, 2024இல் வந்த நம்பை 2.0இல் இந்த பிடிபி மெத்தடை எடுத்துவிட்டார்கள். அதே பெயரில் தனி ஃபங்ஷன் இருக்கிறது, அரேயோடு ஒட்டிய மெத்தட் மட்டும் போய்விட்டது. பழைய ஒற்றை வரிகளை எடுத்து ஒட்டுபவர்கள் முதலில் மோதும் சுவர் இதுதான். மெத்தட் இல்லாமல், வால்ரஸ் வைத்து இரண்டாவது வாசிப்பை எழுதினால் 29 பைட்: (ப:=ப-மின்(ப))/மேக்ஸ்(ப). இரண்டு பைட் கூடினாலும் நான் இதையே எடுப்பேன். ஆனால் அதில் வால்ரஸுக்குப் பதில் அதே இடத்தில் கழிக்கும் -= குறியைத் தனி வரியாகப் போட்டுவிடாதீர்கள். அது உங்கள் ஃபங்ஷனுக்குள் மட்டும் நிற்காது, கூப்பிட்டவரின் அரேயையே மாற்றிவிடும். அவர் மூலத் தரவு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் சின்ன விஷயம். நிஜமான ஆபத்து வேறு. 8-பிட் முழு எண் அரே ஒன்றில் −100, 0, 100 என்று மூன்று எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வகையில் 127க்கு மேல் இடமில்லை. 100லிருந்து −100ஐக் கழித்தால் 200 வர வேண்டும், சுற்றிக்கொண்டு −56 ஆகிவிடும். ஆகவே வகுத்தலின் மேல்பக்கத்து அரே 0, 100, −56. பிடிபி வடிவத்தில் கீழே வகுக்கும் வித்தியாசமும் அதே கழித்தல்தான், அதுவும் −56. இப்போது வகுத்துப் பாருங்கள்: முதல் எண் 0 (சரியாகச் சொன்னால் மைனஸ் பூஜ்யம்), கடைசி எண் −56 ÷ −56, அதாவது 1. இரண்டு முனையும் கச்சிதம்! நடுவில் 0.5 வர வேண்டிய இடத்தில் சுமார் −1.79. "முதலும் கடைசியும் சரியாக இருக்கிறதா" என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்பவருக்கு இது தெரியவே தெரியாது. தவறு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்ததால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டது. வெறும் பைத்தான் முழு எண்ணில் இப்படி நடக்காது, அங்கே எண் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். ஆகவே நம்பை என்றால் முதலில் ஃப்ளோட்டாக, அதாவது புள்ளி எண்ணாக, மாற்றிக்கொள்ளுங்கள், பைட்டைப் பற்றிக் கவலைப்படாமல்.

எல்லாம் ஒரே எண் என்றால் நம்பை எரர் தராது, ஓர் எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு அரே முழுக்க ‘நேன்’ நிரப்பித் தரும். எண் அல்ல என்று பொருள். அது அடுத்தடுத்த கணக்குகளுக்குள் புகுந்து எல்லாவற்றையும் நேன் ஆக்கிவிட்டுத்தான் ஓயும்.

## ஜாவாஸ்கிரிப்ட்: 54 பைட்

இங்கே ‘சிறியது’ என்று சொல்லவே 14 எழுத்து செலவாகிறது, கணித நூலகத்தின் பெயரைச் சொல்லி, பட்டியலை மூன்று புள்ளியால் விரித்துப் போட்டு. அதனால் பைத்தானில் பலிக்காத வேரியபிள் வித்தை இங்கே நன்றாகப் பலிக்கும்: போடாமல் எழுதினால் 63, போட்டால் 54.

செலவு? அந்த வேரியபிளை அறிவிக்காமல் போட்டதால் அது வெளியே கசிந்து குளோபல் ஆகிவிடும், கண்டிப்பு முறையில் ஓடினால் எரரே வரும். மூன்று புள்ளியால் விரிப்பதும் பட்டியல் மிகப் பெரிதானால் எரர் தரும், எவ்வளவு பெரிது என்பது எஞ்சினைப் பொறுத்தது. சரி, வரிசைப்படுத்தி முனைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று போனால் அங்கே இன்னொரு பள்ளம்: ஒன்றும் சொல்லாமல் வரிசைப்படுத்தச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் எண்களைச் சொற்களாக நினைத்து வரிசைப்படுத்தும், 10, 9, 2 என்பது 10, 2, 9 ஆகும். பிரவுசரில் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் இந்த வழி.

## ஆர்: 23 பைட்

```
\(ப)(ப=ப-மின்(ப))/மேக்ஸ்(ப)
```

இரண்டாவது வாசிப்பு முதல்முறையாக முழு லாபம் தரும் இடம் இது. அடைப்புக்குள் பட்டியலையே புதிதாக மாற்றிவிட்டு, வெளியே வந்து அதே பெயரின் பெரியதால் வகுக்கிறோம். முதல் வாசிப்பை எழுதியிருந்தால் 30, வீச்சின் வித்தியாசத்தை எடுக்கும் ஃபங்ஷன் ஜோடியை வைத்து எழுதினால் 29. இது 23. இந்தச் சாய்கோட்டுக் குறி 2021இல் வந்த ஆர் 4.1.0லிருந்துதான் உண்டு, அதற்கு முந்தைய ஆர் என்றால் முழுச் சொல்லையும் எழுத வேண்டும், 7 பைட் கூடும்.

நம்பையில் பயமுறுத்திய ‘கூப்பிட்டவரின் தரவு மாறிப்போகும்’ சிக்கல் இங்கே இல்லை, ஃபங்ஷனுக்குள் மாற்றுவது உள்ளேயே நிற்கும். மொத்தப் பட்டியலையும் ஒரே மூச்சில் கையாள்வதால் நேரமும் விரயமாகாது. எனக்கு இந்த ஒப்பீட்டிலேயே மிகப் பிடித்த வரி இதுதான், ஏனென்றால் இதை ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் படிக்க முடியும்.

இரண்டு எச்சரிக்கை. பட்டியலில் ஒரு விடுபட்ட மதிப்பு இருந்தாலும் மின் அதையே விடையாகத் தரும், பிறகு பட்டியல் முழுக்க விடுபட்டதாகிவிடும். இன்னொன்று, ஆர் மொழியில் ‘ஸ்கேல்’ என்றே ஒரு ஃபங்ஷன் உண்டு, பெயரைப் பார்த்து அதைப் போட்டுவிடாதீர்கள். அது சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுக்கும், வேறு கணக்கு.

## ஏபிஎல், ஜே: 10, 13

இந்த இரண்டும் ஒரே ஆளின் பிள்ளைகள். கென்னத் ஐவர்சன் கணிதத்தை எழுதுவதற்காக ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார், அது ஏபிஎல் ஆனது. பிறகு ரோஜர் ஹுயியோடு சேர்ந்து 1990இல் ஜே மொழியைச் செய்தார், சிறப்புக் குறிகள் இல்லாமல் சாதாரண விசைப்பலகையிலேயே தட்டும்படி. 1979இல் ட்யூரிங் விருது வாங்கியவர்.

ஏபிஎல்லின் ஒரு வடிவமான டயலாக் ஏபிஎல்லில் முதல் வாசிப்பு இது, 12 குறி:

```
(⊢-⌊/)÷⌈/-⌊/
```

⊢ என்றால் பட்டியல் அப்படியே. ⌊ என்பது இரண்டில் சிறியது, பக்கத்தில் / போட்டால் பட்டியல் முழுக்க அதை ஓட்டு, ஆகவே ⌊/ என்பது சிறியது, ⌈/ பெரியது. இடது பக்கம்: பட்டியல் கழித்தல் சிறியது. வலது பக்கம்: பெரியது கழித்தல் சிறியது. நடுவில் ÷. பள்ளிச் சூத்திரத்தை அப்படியே குறியாக எழுதியது போலத்தான் இருக்கிறது.

இரண்டாவது வாசிப்பு, 10 குறி:

```
(⊢÷⌈/)⊢-⌊/
```

வலமிருந்து படியுங்கள். பட்டியல் கழித்தல் சிறியது; அதன் மீது, ‘பட்டியல் வகுத்தல் பெரியது’. நான் மேலே இரண்டு வாக்கியத்தில் சொன்னதும் இதுவும் ஒன்றே, ஒரு சொல் கூடக் கூடுதலில்லை. வேரியபிளே இல்லாமல் இப்படி ஃபங்ஷன்களைக் கோத்து எழுதுவதை ட்ரெயின் என்பார்கள், டயலாக்கில் 2014இல் வந்த 14.0 பதிப்பிலிருந்து உண்டு.

இப்போது அந்த எண்ணும் தகராறு. ஏபிஎல்லுக்கென்று ஒரு குறிக்கு ஒரு பைட் வீதம் வைக்கும் பழைய எழுத்துத் தொகுதி இருக்கிறது, அதன்படி 10 பைட். யூடிஎஃப்-8இல் ⊢, ⌈, ⌊ ஒவ்வொன்றும் 3 பைட், ÷ 2 பைட். அப்படி எண்ணினால் இதே வரி 19 பைட். ஜே மொழி வரியோ எப்படி எண்ணினாலும் 13தான்:

```
(%>./)@(-<./)
```

இதில் % என்பது வகுத்தல், <./ சிறியது, >./ பெரியது. முதல் வாசிப்பை எழுதினால் 14, ஒரே ஒரு பைட் வித்தியாசம். போட்டியில் யூடிஎஃப்-8 பைட் என்று விதி இருந்தால் ஜே முந்தும், குறி எண்ணிக்கை என்றால் ஏபிஎல். ஆடும் முன் விதியைப் படியுங்கள் என்று இதனால்தான் சொல்கிறார்கள்.

கோணல் உள்ளீட்டில் இந்த இருவரும் அண்ணன் தம்பி போலவே சண்டை போடுகிறார்கள். 5, 5, 5 என்று கொடுத்துப் பாருங்கள். கழித்ததும் 0, 0, 0. பெரியதும் 0. ஆகவே 0ஐ 0ஆல் வகுக்க வேண்டும். டயலாக் ஏபிஎல், அதன் வழக்கமான அமைப்பில், 0÷0 என்பது 1 என்கிறது: விடை 1 1 1. ஜே மொழியில் 0%0 என்பது 0: விடை 0 0 0. எரரும் இல்லை, நேனும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஒரே ஆசாமி தொடங்கிவைத்த இரண்டு மொழி, ஒரே கணக்கு, நேர் எதிர் விடை. எது சரி என்றால், இரண்டுமே சரியில்லை, இரண்டுமே ஒரு தேர்வு. சில வேலைகளுக்கு "எல்லாம் ஒன்றென்றால் எல்லாம் 0" என்பது தேவையானதாகக்கூட இருக்கும், அப்போது ஜே அதை இலவசமாகத் தருகிறது. ஆனால் நீங்கள் தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

மற்றபடி செலவு வெளிப்படையானது: உங்களோடு வேலை செய்பவர் எவருக்கும் இதைப் படிக்கத் தெரியாது. நீங்கள் தினமும் ஏபிஎல் எழுதுபவர் என்றால் இந்தப் பத்துக் குறி ஒரு வாக்கியம் போலப் படியும். இல்லையென்றால் அது ஒரு பூட்டு.

## கோல்ஃபுக்கென்றே பிறந்த மொழிகள்: 5, 4

ஜெல்லியில் இது 5 பைட். ஓசாபி என்று அழைக்கப்படும் 05ஏபி1இ மொழியில் 4: சிறியதை அடுக்கில் வை, கழி, பெரியதை அடுக்கில் வை, வகு. நான்கு கட்டளை, நான்கு பைட். இரண்டுமே இரண்டாவது வாசிப்பைத்தான் பயன்படுத்துகின்றன. இதற்குக் கீழே போக இடம் அதிகமில்லை, ஆகவே போட்டியில் எண்ணை மட்டும் பார்த்தால் ஆட்டம் இங்கே முடிந்தது. சுவாரசியம் என்று பார்த்தால் எனக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை, கட்டளை அட்டவணையைப் பார்த்து நான்கு எழுத்தைப் பொறுக்கும் வேலைதான்.

## ஒரே பார்வையில்

| வழி | பைட் | எல்லாம் ஒரே எண் | காலிப் பட்டியல் | புரட்டும் வேலை |
|---|---|---|---|---|
| பைத்தான், சின்னது | 47 | எரர் | காலியே திரும்பும் | எண்ணிக்கையின் வர்க்கம் |
| பைத்தான், ஒழுங்கானது | 55 | எரர் | எரர் | சில சுற்று |
| நம்பை, வால்ரஸோடு | 29 + இறக்குமதி | நேன், எச்சரிக்கை | எரர் | சில சுற்று |
| ஜாவாஸ்கிரிப்ட் | 54 | நேன், சத்தமில்லை | காலியே திரும்பும் | எண்ணிக்கையின் வர்க்கம் |
| ஆர் | 23 | நேன், சத்தமில்லை | காலி, எச்சரிக்கையோடு | சில சுற்று |
| ஏபிஎல் | 10 (யூடிஎஃப்-8இல் 19) | எல்லாம் 1 | காலியே திரும்பும் | சில சுற்று |
| ஜே | 13 | எல்லாம் 0 | காலியே திரும்பும் | சில சுற்று |

## சரி, யார் எதை எடுப்பது

மொழி எதுவானாலும் சரி, எண் குறைந்தால் போதும் என்றால் ஓசாபி. மொழிக்குள் மொழி மட்டும் போட்டி என்றால் பைத்தானில் 47ஐ எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் நேரத்தைச் செலவிடுங்கள், வால்ரஸோடு மல்லுக்கட்டி நான் இழந்த நேரம் போதும்.

தரவைப் புரட்டும்போது ஒரு வரி வேண்டும் என்றால், ஆர் கையில் இருந்தால் அந்த 23. பைத்தான் என்றால் நம்பை, ஆனால் ஃப்ளோட்டாக மாற்றிய பிறகு.

வேலைக் கோடில் ஒட்டப்போகிறீர்களா? 55 பைட் வடிவத்தை எடுத்து, ஓரெழுத்துப் பெயர்களை மாற்றி, நான்கு வரியாகப் பிரித்து, வித்தியாசம் 0 என்றால் என்ன தர வேண்டும் என்று நீங்களே ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை ஏபிஎல்லும் ஜேவும் உங்களைக் கேட்காமலே முடிவு செய்தன, ஆர் நேன் போட்டுத் தள்ளிவிட்டது. உங்கள் கோடில் அது உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.

## 0–1 இல்லாமல் வேறு எல்லை வேண்டுமென்றால்

−1 முதல் 1 வரை வேண்டுமென்றால் முன்னால் 2ஆல் பெருக்கிப் பின்னால் 1ஐக் கழித்தால் போதும், பைத்தானிலும் ஆரிலும் 4 பைட் கூடும், அதாவது 51, 27. முனைகள் இரண்டும் துல்லியமாகவே விழும்.

பொதுவான இரண்டு எல்லை என்றால் கவனம் தேவை. கீழ் எல்லையோடு (மேல் எல்லை − கீழ் எல்லை) × விகிதம் என்று கூட்டும் வடிவம் சின்னது, ஆனால் விகிதம் 1 ஆகும்போது மேல் எல்லை சரியாக வரும் என்று ஃப்ளோட்டில் உறுதியில்லை. (1 − விகிதம்) × கீழ் எல்லை + விகிதம் × மேல் எல்லை என்று எழுதினால் இரண்டு முனையும் கச்சிதமாக வரும், சில பைட் கூடும்.

0 முதல் 255 வரை முழு எண்ணாக வேண்டும் என்பவர்கள் 255ஆல் பெருக்கிப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பட்டியலின் மிகப் பெரிய எண் ஒன்றுக்கு மட்டும்தான் 255 கிடைக்கும், 0.999 கூட 254இல் போய் நிற்கும். வெட்டாமல் முழுமையாக்குங்கள். பைத்தான் 3இன் முழுமையாக்கும் ஃபங்ஷன் சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டை எண் பக்கம் தள்ளும், 0.5 என்பது 0 ஆகும், 2.5 என்பது 2 ஆகும். அது பிடிக்கவில்லை என்றால் 0.5ஐக் கூட்டிவிட்டு வெட்டுங்கள்.